ஐந்து கிலோமீட்டர் என்பது எவ்வளவு தூரம்?

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில், பொழுது புலரும் முன்பே இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். ரப்பர்த் தோட்டங்களின் நடுவே ஏறி இறங்கும் சிறுசாலைகளே அவர்களது மைதானம். சீருடைப் பணியில் சேர்வது அவர்களுள் பலரது கனவு.

பாட்டியின் ஓய்வூதியத்தைப் பெற நமது கிளைக்கு மாதந்தோறும் அவரை அழைத்து வரும் இளைஞரும் அவர்களுள் ஒருவர். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான உடல்திறன் தேர்வில் ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். வீட்டருகே நாள்தோறும் 23 நிமிடங்களில் முடித்து வந்த அவர், தேர்வில் ஒரு நிமிடம் பின்தங்கித் தோல்வியுற்றார். வயது வரம்பின்படி அவருக்கு எஞ்சியிருந்தது இன்னும் ஒரே வாய்ப்பு.

“தம்பி, உங்கள் ஊர்ச் சாலையை அளந்தவர் யார்?” என்று வினவினோம்.

“மாமாவின் பைக் மீட்டரில் பார்த்தோம் சார். சரியாக ஐந்து காட்டியது.”

அந்தப் பழைய மீட்டர் முழுக் கிலோமீட்டரை மட்டுமே காட்டுவது. அத்தகைய மீட்டரில் 5 எண்கள் நகர்ந்தால், உண்மைத் தூரம் 4 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்தும் இருக்கலாம். 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்தும் இருக்கலாம். உணவு இடைவேளையில் கைபேசியின் கூகுள் வரைபடத்தில் அவரது பாதையை அளந்தோம். 4.6 கிலோமீட்டர் என்று வந்தது.

இப்போது கணக்கு தெளிவாயிற்று. 4.6 கிலோமீட்டரை 23 நிமிடங்களில் ஓடினால், ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடங்கள். அதே வேகத்தில் 5 கிலோமீட்டருக்கு 25 நிமிடங்கள் ஆகும். அவரது கால்கள் தவறு செய்யவில்லை, அளவுதான் தவறியிருந்தது.

அளக்கும் முறை எளியது. வரைபடத்தில் புறப்படும் இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்தினால் ஒரு குறி தோன்றும். அதன் விவரப் பகுதியில் தூரத்தை அளவிடும் வசதியைத் தேர்ந்து, பாதை நெடுகிலும் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே சென்றால், மொத்தத் தூரம் கீழே தெரியும். மரங்கள் சாலையை மறைக்கும் நமது பகுதியில், செயற்கைக்கோள் படத்தைவிடச் சாதாரண வரைபடக் காட்சியே பெரும்பாலும் வசதியானது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. மென்பொருள் இரண்டு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைக்கிறது. சாலையோ வளைந்து செல்கிறது. 50 மீட்டர் ஆரமுள்ள கால்வட்ட வளைவின் நீளம் ஏறத்தாழ 78.5 மீட்டர். இரு முனைகளில் மட்டும் புள்ளி வைத்தால் 70.7 மீட்டர்தான் காட்டும். நடுவில் ஒரு புள்ளி கூட்டினால் 76.5 மீட்டராகும். எனவே வளைவுகளில் புள்ளிகளை நெருக்கமாக வைத்தல் வேண்டும்.

கைக்கடிகாரங்களிலுள்ள ஜிபிஎஸ் கருவியின் குறை வேறு வகையானது. மரநிழலிலும் கட்டடங்களின் இடையிலும் சமிக்ஞை தடுமாறுவதால், நேராக ஓடியவர் அங்குமிங்கும் ஓடியதுபோலப் பதிவாகித் தூரம் கூடக்கூடும். குறைத்துக் காட்டும் அளவு நம்மைச் சற்று அதிகம் ஓட வைக்கும். கூட்டிக் காட்டும் அளவே ஏமாற்றும்.

மேடுபள்ளங்களை வரைபடம் கணக்கிலெடுப்பதில்லையே என்ற ஐயம் எழலாம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்திலும், ஒரு கிலோமீட்டருக்குக் கூடும் தூரம் ஒன்றேகால் மீட்டர் மட்டுமே. ஏற்றம் களைப்பைக் கூட்டும். தூரத்தை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. ஐயம் தீர, 400 மீட்டர் ஓடுதளத்தின் முதல் வரிசையில் பன்னிரண்டரைச் சுற்று ஓடிப் பார்ப்பதே உரைகல்.

அளவின் அருமையை இம்மண் முன்பே அறிந்திருக்கிறது. 1802-இல் சென்னை பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் சங்கிலி கொண்டு அடிக்கோட்டை அளந்து, தென்னிந்திய நில அளவைக்கு வித்திட்டார். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு அதிகாரிகள் திருவிதாங்கூரை அளந்தனர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைய, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று வகுத்த எல்லையின் இருபுறமும் இன்று ஒரே கனவோடு பிள்ளைகள் ஓடுகின்றனர்.

வங்கியில் ஒருவர் பதிந்த கணக்கை மற்றொருவர் சரிபார்த்த பின்னரே ஏற்கிறோம். அவ்வாறே அந்த இளைஞரும் நாமும் தனித்தனியே மறுமுறை அளந்து, இரு அளவுகளும் ஒத்துவந்த பின், பாதையை 400 மீட்டர் நீட்டினோம். முதல் நாள் அவருக்கு 25 நிமிடங்களுக்கு மேலாயிற்று. முகம் வாடித்தான் வந்தார். “இதுதான் உங்கள் உண்மையான இருப்பு, இனி இதில் சேமிக்கலாம்” என்றோம்.

நான்கு மாதங்களுக்குப் பின் பாட்டியுடன் வந்தவர், 23 நிமிடம் 40 வினாடி என்று ஒரு சீட்டில் எழுதி நம்மிடம் நீட்டினார். தேர்வு இனிமேல்தான். ஆனால் இம்முறை அவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பது அவருக்குத் தெரியும்.