'உங்க பேரு எந்த லிஸ்ட்ல இருக்கு?' - சென்னையில் அரசு வீட்டுக்கு மனு போட்ட என் அத்தை கற்றுக்கொடுத்த பாடம்!

என் அத்தையிடம் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மாமாவின் இறப்புச் சான்றிதழ், ஜெராக்ஸ் நான்கு செட். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்தால் அத்தை முதலில் தூக்குவது டி.வி-யை இல்லை, அந்தப் பையைத்தான்.

அத்தை வட சென்னையில் நான்கு வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறார். மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். பதினோரு வருடங்களாக ஒரு 'போர்டு' வீட்டில் குடியிருந்தார். நம்மில் பலர் இன்னும் 'குடிசை மாற்று வாரிய வீடு' என்று சொல்வோமே, அந்த வகை வீடு. ஒரு ரூம், சின்ன சமையல் மேடை, மழை வந்தால் சிமென்ட் உதிரும் கூரை.

ஒருநாள் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். பழைய குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. அத்தைக்கு ஒரே சந்தோஷம். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

அன்று காலையிலேயே ஊர்ப்பக்கம் இருந்து ஹவுஸ் ஓனரும் வந்து அதே வாசலில் நின்றார். ஒதுக்கீட்டு ஆணை அவர் பெயரில். லிஸ்ட்டில் ஏறியதும் அவர் பெயர்தான்.

"பதினொரு வருசமா வாடகை குடுத்தது நானு. கடைசில அந்த வூட்ல என் பேரு எங்கயுமே இல்ல கண்ணு" என்றார் அத்தை போனில். அப்போதுதான் நான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். செய்தி எழுதுவதற்காக இல்லை, அத்தைக்காக. படித்தபோது தெரிந்தது, இது அத்தை ஒருவரின் குழப்பம் இல்லை என்று.

முதல் குழப்பம்... எந்த வாரியம்?

'ஹவுசிங் போர்டு' என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் இங்கே இருப்பது இரண்டு வாரியங்கள். ஒன்று, தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம். மனைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் வெவ்வேறு வருமானப் பிரிவினருக்கு விலைக்கு விற்பது இதன் முக்கிய வேலை.

இன்னொன்று, 1970-ல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம். 2021-ல் அதன் பெயர் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றப்பட்டது. தலைமை அலுவலகம் மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையில் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கான வீடுகள் இந்த வாரியத்தின் பொறுப்பு. பெயர் மாறியது தெரியாமல், அத்தை முதலில் போய் நின்றது வேறு அலுவலக வாசலில். ஒருநாள் கூலி போனது.

மூன்று வழிகள்

'மனு போட்டால் வரிசைப்படி வீடு வரும்' என்றுதான் அத்தையைப் போல நானும் நினைத்தேன். அப்படி இல்லை. வாழ்விட வாரிய வீட்டுக்குள் போக மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு லிஸ்ட்.

1. மறுகுடியமர்வு: கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் போன்ற நீர்நிலைக் கரைகளில் வசிப்பவர்களைக் கணக்கெடுத்து வேறு இடத்தில் வீடு தருவது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் இப்படி உருவானவை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போனது இந்த வழியில்தான். இதற்கு நீங்கள் மனு போடுவதில்லை. கணக்கெடுப்பு நாளில் நீங்கள் அங்கே இருப்பதும், அந்த முகவரியில் உங்களுக்கு ஆவணம் இருப்பதும்தான் மனு.

2. மறுகட்டுமானம்: இடிந்து விழும் நிலையில் இருக்கும் பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து, அதே இடத்தில் புதிதாகக் கட்டுவது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு வாரியக் குடியிருப்பு இடிந்து விழுந்தது நினைவிருக்கலாம். இந்த வழியில் வீடு கிடைப்பது ஏற்கெனவே ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு. அத்தை வீட்டில் நடந்தது இதுதான். அவர் வாசலில் நின்றார், ஆனால் அது அவருடைய வரிசை இல்லை.

3. விண்ணப்பம்: பிரதமரின் வீட்டுவசதித் திட்டத்தின் கீழ், மத்திய, மாநில அரசுகளின் மானியத்தோடு வாரியம் கட்டும் வீடுகளுக்கு மனு செய்வது. பயனாளியும் ஒரு பங்குத்தொகை கட்ட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்குத் திறந்திருப்பது இந்த வழிதான்.

வாடகைக்கு உதவி கிடைக்குமா?

அத்தை கேட்ட அடுத்த கேள்வி இது. "வூடு குடுக்கற வரைக்கும் வாடகைக்காச்சும் எதுனா தருவாங்களாமே?"

தருகிறார்கள். ஆனால் அதுவும் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்குத்தான். மறுகட்டுமானத்துக்காக வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கு முன்பு 8,000 ரூபாய் கருணைத்தொகை தரப்பட்டது. 2021-ல் அது 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரேமுறை தரும் தொகை இது. புது வீடு கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆனால், மாதத்துக்கு 1,000 ரூபாய் கணக்கு. வேறு இடத்தில் மறுகுடியமர்த்தப்படும் குடும்பங்களுக்கு இடம்மாறும் செலவுக்கு 5,000 ரூபாயும், பிழைப்புக்கு மாதம் 2,500 ரூபாய் வீதம் ஓராண்டுக்கும் தரப்படுகிறது.

அமெரிக்க நகரங்களில் ஏழை வாடகைதாரர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவிகிதத்தை வாடகையாகக் கொடுத்தால், மீதியை அரசு வீட்டு உரிமையாளருக்குக் கட்டும் திட்டம் ஒன்று இருக்கிறது. அங்கேயும் அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தனியாரிடம் வாடகைக்கு இருப்பவருக்கு மாதாமாதம் அப்படிக் கொடுக்கும் பொதுத் திட்டம் நம் ஊரில் இல்லை.

அதனால் அத்தைக்கு வந்த கணக்கு இது. பக்கத்துத் தெருவில் வாடகை 6,000. அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 60,000. பழைய ஓனர் திருப்பிக் கொடுத்தது 15,000. மீதி 45,000-க்கு தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போனது.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது 2019-ல் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். எழுத்துபூர்வமான ஒப்பந்தமும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் கட்டாயம். 'இவ்ளோ பேசினா வீடு இல்லம்மா' என்று சொல்லிவிட்டால் அத்தை எங்கே போவார் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. ஆனாலும் இந்த முறை ஒப்பந்தம் எழுதி வாங்கினோம். அது இப்போது மஞ்சள் பையில் இருக்கிறது.

'மாமியாருக்கு வீடு இருக்கா?'

மூன்றாவது வழியில் மனு போட அத்தை போனார். அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வியே, "உங்க குடும்பத்துல யாருக்காவது ஏற்கெனவே கவர்மென்ட் வீடு குடுத்திருக்காங்களா?"

பொய் சொல்லத் தெரியாத அத்தை, "மாமியாருக்கு கண்ணகி நகர்ல குடுத்தாங்க சார். இப்ப கொழுந்தன் இருக்காரு" என்றார். "அப்ப உங்களுக்குக் கிடைக்காதும்மா" என்று பதில் வந்தது. அத்தை திரும்பி வந்துவிட்டார்.

அன்று இரவு திட்டத்தின் விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். 'குடும்பம்' என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத மகன்கள், திருமணமாகாத மகள்கள். அவ்வளவுதான். மாமியார் அதில் இல்லை. அந்தக் குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவு. 2024-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் இரண்டாவது கட்டத்தில், கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன்பெற்றிருந்தால் தகுதி இல்லை என்றும் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், தனித்து வாழும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், மூத்த குடிமக்களுக்கு முன்னுரிமை உண்டு. வீடு குடும்பத் தலைவியின் பெயரில் அல்லது கூட்டாக இருக்க வேண்டும் என்பதும் விதி.

அப்படியானால் அத்தை தகுதியானவர். அவரது ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தோம். அங்கேதான் இன்னொரு சிக்கல். கார்டில் அவர் இன்னும் மாமியார் குடும்பத்திலேயே இருந்தார், முகவரி கண்ணகி நகர். மாமா இறந்து ஆறு வருடம் ஆகியும் பெயர் பிரிக்கவே இல்லை. "அரிசி வாங்குறதுக்கு எந்த கார்டா இருந்தா இன்னான்னு வுட்டுட்டேன்" என்றார்.

பெயர் நீக்கி, புது முகவரியில் தனி கார்டு வாங்கினோம். ஆதாரில் முகவரி மாற்றினோம். வருமானச் சான்றிதழும், ஆதரவற்ற விதவைச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். இரண்டு மாதம் ஓடியது. பிறகு போனபோது மனுவை வாங்கிக்கொண்டார்கள். ஒப்புகைச் சீட்டு கிடைத்தது.

நீங்கள் மனு போடப்போகிறீர்களா?

* முதலில் உங்கள் வழி எது என்று முடிவு செய்யுங்கள். வேறொருவருக்கு ஒதுக்கப்பட்ட வாரிய வீட்டில் வாடகைக்கு இருந்தால், அந்த வீட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள். அப்படி உள்வாடகைக்கு விடுவதற்கே வாரியத்தில் அனுமதி இல்லை.

* திருமணமாகித் தனியாக வாழ்கிறீர்கள் என்றால் ரேஷன் கார்டைத் தனியாக வாங்கிவிடுங்கள். வீடு மாறும்போதெல்லாம் முகவரியை மாற்றுங்கள்.

* பங்குத்தொகை எவ்வளவு, எத்தனை தவணை, வங்கிக்கடன் ஏற்பாடு உண்டா, மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று மனு போடும் நாளிலேயே கேளுங்கள். திட்டத்துக்குத் திட்டம் இது மாறும்.

* வீடு எந்தப் பகுதியில் என்று கேளுங்கள். நகரின் நடுவில் வேலை பார்ப்பவருக்கு பெரும்பாக்கம் சுமார் 25 கிலோமீட்டர். பஸ், பள்ளிக்கூடம், வேலை மூன்றையும் சேர்த்து யோசியுங்கள்.

* 'நான் வாங்கித் தர்றேன்' என்று வரும் புரோக்கரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எந்தத் தொகையும் ரசீதோடு வாரியத்துக்கே போக வேண்டும்.

* ஒப்புகை இல்லாமல் மனு கொடுத்துவிட்டு வராதீர்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையம் 1100-க்குப் பேசலாம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேட்கலாம், 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

* பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

அத்தைக்கு இன்னும் வீடு வரவில்லை. எப்போது வரும் என்றும் யாரும் சொல்லவில்லை. பங்குத்தொகைக்காக மாதம் 2,000 ரூபாய் தபால் நிலையத்தில் கட்டிவருகிறார். செயினை மீட்பதா, அந்தப் பணத்தைச் சேர்ப்பதா என்று ஒவ்வொரு மாதமும் எங்கள் வீட்டில் விவாதம் நடக்கிறது.

போன வாரம் அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் இன்னொரு அக்கா, தன் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு அத்தையிடம் வந்தார். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்... "இதுல உம்மாமியார் பேரு இருக்கே. முதல்ல இத்த பிரிச்சியா நீ?"