ஏர் உழ வந்த ஜீப் மலை ஏறியது ஏன்?

விடியும் முன்பே போடிமெட்டு, கம்பம்மெட்டு சாலைகளில் ஜீப்புகள் வரிசையாக மலை ஏறத் தொடங்கிவிடும். தேனி மாவட்டக் கிராமங்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள்தான் அவற்றில் இருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. மாலையில் அதே ஜீப்புகள் அவர்களை இறக்கிக் கொண்டு வரும்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மண் மாதிரி எடுக்க அந்தப் பக்கம் போயிருந்தேன். முதல் நாள் இரவு நல்ல மழை. நாங்கள் வந்த வேன் தோட்டப் பாதையில் கால் கிலோமீட்டர்கூட ஏறவில்லை, சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. கடைசியில் ஒரு பழைய ஜீப்பில் போனோம். ஓட்டுநர் கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டிக் கம்பியைத் தள்ளினார். சேற்றுப் பாதையில் வண்டி நிதானமாக ஏறியது.

கூட வந்த பெரியவர் ஒருவருக்கு மலையில் கொஞ்சம் ஏலமும் கீழே மூன்று ஏக்கர் தோட்டமும் உண்டு. அவர் கேட்டார்: "ஏன் தம்பி, இந்த வண்டிக்கு இவ்வளவு இழுவை இருக்கே. பழைய ஜீப் ஒண்ணு வாங்கி, கீழ இருக்குற மூணு ஏக்கரையும் இதுலயே உழுதுட்டா டிராக்டர் வாடகை மிச்சம்தானே?"

அன்று என்னிடம் சரியான பதில் இல்லை, சிரித்துச் சமாளித்தேன். இதே கேள்வியை ஜீப்பைத் தயாரித்தவர்களே 1945-இல் கேட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கு வயல் சொன்ன பதில், இன்று கடன் வாங்கி இயந்திரம் எடுக்கப் போகும் நம் விவசாயிகளுக்கும் உதவும்.

போருக்காகப் பிறந்த வண்டி

1940-இல் அமெரிக்க ராணுவம், வீரர்களையும் கால் டன் சுமையையும் காடுமேடு பாராமல் கொண்டு செல்லும் சிறிய வண்டி ஒன்று வேண்டும் என்று அறிவித்தது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை இருக்க வேண்டும். மாதிரி வண்டியை 49 நாட்களில் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் இருந்த பாண்டம் என்ற சிறிய நிறுவனம், கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரின் வரைபடத்தை வைத்துக் கெடுவுக்குள் வண்டியை ஒப்படைத்தது. வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களும் போட்டிக்கு வந்தன.

வில்லிஸ் வண்டியின் 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 60 குதிரைத்திறன் தந்தது. போட்டி வண்டிகளைவிட அதில் வலு அதிகம். அதனால் பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. தேவை அதிகமாக இருந்ததால் அதே வடிவில் ஃபோர்டும் வண்டி செய்து கொடுத்தது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் உருவாயின.

கலப்பை கட்டிய ஜீப்

போர் முடிந்தால் ராணுவத் தேவை நின்றுவிடும், அதன் பிறகு யாரிடம் விற்பது? வில்லிஸ் நிறுவனம் விவசாயியைத்தான் நினைத்தது. 1945-இல் சி.ஜே. 2ஏ என்ற மாதிரி சந்தைக்கு வந்தது. அந்த எழுத்துகள் பொதுமக்களுக்கான ஜீப் என்ற பொருள் தருபவை. பின்பக்கம் திறந்து மூடும் கதவு, சுமை இழுக்க ஏற்ற பல்சக்கர விகிதம், இழுவைக் கொக்கி ஆகியவை அதில் இருந்தன. தேவைப்பட்டால் பி.டி.ஓ. தண்டும் பொருத்திக்கொள்ளலாம்.

ஒரே வண்டி நான்கு வேலை செய்யும் என்பதுதான் விளம்பரம். உழவுக்கு டிராக்டர், விளைச்சலைக் கொண்டு போக லாரி, பம்பும் அரவை இயந்திரமும் ஓட்ட இன்ஜின், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போக கார். சிறு விவசாயிக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறென்ன வேண்டும்?

வண்டி நன்றாகவே விற்றது. லேசான மண்ணில் ஜீப் உழவும் செய்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே உழவுக்கென்று ஜீப் வாங்குவது குறைந்துபோனது. விவசாயிகள் ஜீப்பைக் கைவிடவில்லை. அதைப் போக்குவரத்துக்கு வைத்துக்கொண்டு, உழவுக்கு டிராக்டரைத்தான் நாடினார்கள்.

60 பெரிதா, 30 பெரிதா?

அந்தக் காலத்தில் ஜீப்புக்கு எதிரே நின்றது, ஃபோர்டு நிறுவனம் 1939-இல் கொண்டுவந்த 9என் என்ற சிறிய டிராக்டரும் அதன் வழிவந்தவையும். அதன் எடை சுமார் ஒரு டன், ஜீப்பும் ஏறக்குறைய அதே எடைதான். ஜீப்புக்கு 60 குதிரைத்திறன், அந்த டிராக்டருக்கு 30 குதிரைத்திறன்கூட இல்லை. ஆனாலும் வயலில் வென்றது டிராக்டர். ஏன் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் இறக்கைக் கலப்பை 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் உழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வெட்டும் மண்ணின் முகப்பு 450 சதுர செ.மீ. நடுத்தர மண்ணில் ஒரு சதுர செ.மீ.க்குத் தோராயமாக அரை கிலோ இழுவிசை தேவை. ஆகவே ஒரு கலப்பைக்கு 225 கிலோ, இரண்டு கலப்பைக்கு 450 கிலோ. மணிக்கு நான்கரை கிலோமீட்டர் வேகத்தில் இதை இழுக்க மண்ணில் செலவாவது ஏழெட்டுக் குதிரைத்திறன்தான்.

அப்படியானால் 60 குதிரைத்திறன் உள்ள ஜீப்புக்கு இது தூசு அல்லவா? இல்லை. வயல் மண்ணில் சக்கர வண்டி ஒன்று நன்றாகப் பிடித்து இழுத்தாலே அதன் எடையில் பாதி அளவுதான் இழுக்க முடியும். புழுதி மண்ணிலும் ஈர மண்ணிலும் அது மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். ஒரு டன் ஜீப் அதிகபட்சம் 500 கிலோ, சாதாரணமாக 330 கிலோ இழுக்கும். இரண்டு கலப்பை கட்டினால் மண் கொஞ்சம் கடினமானதும் சக்கரம் சுழலும். இன்ஜினில் வலு மிச்சம் இருக்கும், தரையில் பிடிமானம் இருக்காது.

டிராக்டரும் ஒரு டன்தானே, அது மட்டும் எப்படி இழுத்தது? இரண்டு காரணங்கள்.

முதலாவது, சக்கரம். ஜீப் டயரின் உயரம் இரண்டேகால் அடி, அகலம் ஆறு அங்குலம். டிராக்டரின் பின்சக்கரமோ ஏறக்குறைய நான்கு அடி உயரம், அதில் ஆழமான பட்டைகள். உயரமான சக்கரம் மண்ணில் நீளமாகப் படிந்து பிடிக்கும்.

இரண்டாவது, ஹாரி ஃபெர்குசன் கண்டுபிடித்த மூன்று முனை இணைப்பு. கலப்பை மண்ணை வெட்டும்போது உண்டாகும் விசையையும் கலப்பையின் எடையையும் அது பின்சக்கரத்தின் மீது இறக்குகிறது. மண் எவ்வளவு எதிர்க்கிறதோ அவ்வளவு சக்கரம் அழுந்துகிறது. எதிர்ப்பு மிகுந்தால் ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றே தூக்கிக் கொடுக்கிறது. கொக்கியில் கட்டி இழுக்கும் ஜீப்புக்கு இந்த வசதி இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. டிராக்டரின் சக்கர இடைவெளியைப் பயிர் வரிசைக்கு ஏற்ப மாற்றலாம், ஜீப்பில் மாற்ற முடியாது. அடிப்பாகமும் தாழ்வு. பார் அணைத்த பருத்தியிலோ கரும்பிலோ இறக்கினால் பயிரை உரசிக்கொண்டுதான் போகும்.

இன்று டிராக்டர் வாங்கப் போகும் நம் விவசாயிகளும் முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி.?" என்றுதான். அதோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டியின் எடை என்ன, பின் டயர் அளவு என்ன, ஹைட்ராலிக் எத்தனை கிலோ தூக்கும், உழவு வேகத்துக்கு எத்தனை கியர் இருக்கிறது என்ற நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். எடையும் பிடிமானமும் இல்லாத குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் பணம், சுழலும் சக்கரத்தில் டீசலாகத் தீரும். சக்கரம் அதிகம் சுழன்றால் டயர் தேய்வதோடு மண்ணும் இறுகும்.

இந்தியாவுக்கு வந்த கதை

1945-இல் எஃகு வணிகத்துக்காக மகிந்திரா அண்ட் முகமது என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. கூட்டாளிகளில் ஒருவரான குலாம் முகமது, பிரிவினையின்போது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா என மாறியது. 1949-இல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து மும்பையில் வண்டி கட்டத் தொடங்கினார்கள். பின்னர் பாகங்களும் இங்கேயே தயாராயின.

அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1953-இல் கைசர் நிறுவனத்துக்குக் கைமாறியது. அதே ஆண்டு வந்த சி.ஜே. 3பி மாதிரியை அமெரிக்காவில் 1968-இல் நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் அந்த வடிவம் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. அரசு அலுவலகம், காவல்துறை, வேளாண் துறை என்று எங்கும் அதே முகம்தான்.

1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்துடன் சேர்ந்து மகிந்திரா டிராக்டர் தயாரிப்பில் இறங்கியது. அந்த டிராக்டர் வழிவந்த டீசல் இன்ஜின் பின்னாளில் ஜீப்பிலும் ஏறியது. டிராக்டராக முயன்று முடியாமல் போன வண்டிக்கு டிராக்டரின் இன்ஜினே கிடைத்தது.

இன்று ஜீப் என்ற பெயர் ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்துக்குச் சொந்தம். மகிந்திராவின் வண்டிகள் பொலேரோ, தார் என்ற பெயர்களில் வருகின்றன. ஆனால் நம் ஊரில் எல்லாமே ஜீப்தான்.

மலையில் நிலைத்தது ஏன்?

உழவுக்கு 450 கிலோ இழுவிசை நாள் முழுக்க, நிற்காமல் வேண்டும். மலைப் பாதையிலோ வண்டி தன்னையும் சில மூட்டைகளையும் ஏற்றினால் போதும். அதற்கு எடை குறைவாக இருப்பதே நல்லது. நான்கு சக்கரமும் இழுப்பதால் ஒன்றிரண்டு வழுக்கினாலும் மற்றவை பிடிக்கும். லோ கியரில் போட்டால் சி.ஜே. 2ஏ-இல் இன்ஜின் சுமார் 37 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். அதனால் ஏற்றத்தில் திணறாமல் ஏறும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இன்ஜினே வண்டியைப் பிடித்துக் கொடுக்கும்.

இன்னொரு காரணம், பழுது பார்க்கும் எளிமை. பழைய ஜீப்பில் ஏணி போன்ற அடிச்சட்டம், பட்டை ஸ்பிரிங், கண்ணுக்குத் தெரியும் போல்ட்டுகள் மட்டுமே. சென்சார் எதுவும் கிடையாது. ஊர்ப் பட்டறையில் ஸ்பேனரும் வெல்டிங்கும் இருந்தால் மறுநாள் வண்டி ஓடும். அறுவடைக் காலத்தில் ஏலக்காயைப் பறித்த அன்றே உலர்கூடத்துக்குச் சேர்க்க வேண்டியவருக்கு, ஒரு நாள் வண்டி நின்றாலும் நஷ்டம்தான்.

பழைய ஜீப் வாங்குவோர் கவனத்துக்கு

* தனியார் வண்டிப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.
* ஃபோர் வீல், லோ கியர் இரண்டும் விழுகின்றனவா என்று மண் பாதையில் ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் கம்பி மட்டும் இருக்கும், உள்ளே இழுவை இருக்காது.
* அடிச்சட்டத்தில் துரு, வெல்டிங் ஒட்டுகள், ஸ்டியரிங் ஆட்டம் ஆகியவற்றை நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள்.
* காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். அந்த இறுக்கம் பல்சக்கரங்களைத் தின்றுவிடும்.

மண்ணும் மனிதரும்

வேளாண் விஞ்ஞானியாக இரண்டு செய்திகளைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

ஜீப் ஏறும் என்பதற்காகச் சரிவில் நேர்க்குத்தாகப் பாதை போடாதீர்கள். மழையில் சக்கரத் தடம் வாய்க்காலாகி மேல்மண்ணை அடித்துச் செல்லும். பாதை சம உயர வரப்பை ஒட்டி வளைந்து ஏறட்டும். மலைப்பக்க ஓரத்தில் வடிகாலும், ஆங்காங்கே தண்ணீரைத் திருப்பிவிடும் குறுக்கு மேடும் வேண்டும். கனமழை பெய்த மறுநாள், முடிந்தவரை வண்டியை இறக்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவது, ஆட்கள். கால் டன் சுமைக்காகப் பிறந்த வடிவம் இது. வண்டி நீண்டாலும் இன்ஜின் மாறினாலும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினால் எடை மேலேறி, வளைவில் கவிழும் வாய்ப்பு கூடும். பிரேக்கும் பிடிக்காது. விடியலில் போகும் பெண்கள் மாலையில் வீடு திரும்ப வேண்டும். ஒரு நடை கூடுதலாகப் போனால் ஆகும் டீசல் செலவைத் தோட்டக்காரர்களும் வண்டிக்காரர்களும் பகிர்ந்துகொள்வது பெரிய காரியமல்ல.

அந்தப் பெரியவர் இன்று அதே கேள்வியைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: "ஐயா, மலைக்கு ஜீப்பை வச்சுக்குங்க. கீழே மூணு ஏக்கருக்கு வாடகை டிராக்டரே போதும். பக்கத்துத் தோட்டக்காரங்களோட சேர்ந்து ஒரே நாள்ல உழவு வச்சா, வண்டி வந்து போற செலவும் பங்காகிடும்."