கண்ணாடிப் பீரங்கி: பலமாக அடிப்பவன் ஏன் முதலில் விழுகிறான்?

"மாமா, இவன்தானே பலமா அடிக்கிறவன். பிறகேன் நான் தோக்கிறன்?"

அக்காவின் மகன் கேட்டான். ஜப்பானின் கப்கொம் நிறுவனம் 2008இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' விளையாட்டில் அவன் தெரிவுசெய்திருந்த பாத்திரம் அகுமா.

அகுமாவின் அடி பலமானது. ரியூ நிலத்தில் நின்றே எறியும் நெருப்புப் பந்தை, இவன் அந்தரத்தில் பாய்ந்தபடியும் எறிவான். ஆனால் இவனுடைய உயிர்ப்புள்ளிகள் 850 மட்டுமே. ரியூவுக்கு 1000, சாங்கீஃபுக்கு 1100. இத்தகைய பாத்திரத்தை விளையாடுவோர் 'கண்ணாடிப் பீரங்கி' என்பார்கள். நன்றாகச் சுடும், ஒரு கல் பட்டாலே உடையும்.

150 புள்ளி சிறிய வித்தியாசமாகத் தெரியலாம். ஒரு தாக்குதலுக்கு 300 புள்ளி போவதாக வைத்துக் கணக்குப் பாருங்கள். மூன்றாவது தாக்குதலுக்குப் பிறகும் ரியூ 100 புள்ளியோடு நிற்பான். அகுமா விழுந்திருப்பான். ரியூ விடக்கூடிய இன்னொரு பிழையை அகுமாவால் விடமுடியாது.

இது வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே வைத்த குறை. பலமும் தாங்கும் சக்தியும் ஒருவனுக்கே கிடைத்தால், மற்றப் பாத்திரங்களை யார் தொடுவார்கள்?

"கிட்டப் போகாத. தூர நிண்டு எறி. அவன் பிழை விடுமட்டும் பொறு" என்றேன். அன்றிரவு இரண்டு ஆட்டம் வென்றான்.

தோற்றிருந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தி அவன் மறுபடி தொடங்கியிருப்பான். போருக்குள் வாழ்ந்த எனக்கோ, யாரையாவது பலசாலி என்று சொல்லக் கேட்டால், எத்தனை அடி தாங்குவான் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.