காற்றில் கடன் கிடைக்காது

25 மீட்டர் ஓடுபாதை. அதன் முடிவில் ஒரு ஸ்பிரிங் பலகை. அதற்கு அப்பால் 125 சென்டிமீட்டர் உயரத்தில், மேலே மெத்தை வைத்துத் தைத்த ஒரு மேசை. ஓடி வந்து பலகையை மிதித்து, மேசையில் கை ஊன்றி எகிறி, அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தப் போட்டிக்கு வால்ட் என்று பெயர். ஆரம்பித்து முடிய சில விநாடிகள்தான் ஆகும். டிவியில் பார்க்கும்போது நடுவில் கொட்டாவி விட்டால் போச்சு.

2016 ஆகஸ்ட் 14 அன்று, ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் இறுதிப் போட்டியில் எட்டுப் பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர். ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அவர்தான். அவர் கையில் வைத்திருந்த தாவலின் பெயர் ப்ரொடுனோவா. ரஷ்யாவின் எலேனா ப்ரொடுனோவா 1999இல் செய்துகாட்டியதால் வந்த பெயர். பத்திரிகைக்காரர்கள் இதைச் ‘சாவுத் தாவல்’ என்று எழுதுவார்கள். அவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள் என்றாலும், அந்தக் காலத்தில் உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருந்த சிமோன் பைல்ஸ்கூட இதைப் போட்டியில் செய்ததில்லை.

அதில் அப்படி என்ன இருக்கிறது? மேசையில் கை ஊன்றும்போது உடல் தலைகீழாக நிற்கும். அங்கிருந்து எகிறி, முன்பக்கமாக இரண்டு முழுப் பல்டி அடித்துவிட்டுக் காலில் இறங்க வேண்டும். தலைகீழ் நிலையிலிருந்து நேராக வருவதற்கே அரைச் சுற்று ஆகும். ஆக மொத்தம் இரண்டரைச் சுற்று.

அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடலின் நடுப்பகுதி மேசையை விட்டபின் அரை மீட்டர் மேலே போகிறது, பிறகு இரண்டு மீட்டர் கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பின்படி அரை மீட்டர் ஏற 0.32 விநாடி, இரண்டு மீட்டர் இறங்க 0.64 விநாடி. கூட்டினால் ஒரு விநாடிகூட இல்லை!

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். காற்றில் இருக்கும்போது ‘இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழலலாமே’ என்று தோன்றினால் என்ன செய்வது? எதைப் பிடித்துத் தள்ளுவது? அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. புவியீர்ப்பு இழுக்கிறதே என்பீர்கள். அது உடலைக் கீழே இழுக்கும், ஆனால் சுழற்றிவிடாது. திருவிழாவுக்கு வீட்டிலிருந்து எடுத்துப்போன காசைத்தானே அங்கே செலவழிக்க முடியும்? சுழற்சியும் அப்படித்தான். காற்றில் கிளம்பும்போது எவ்வளவு கொண்டுபோகிறோமோ அவ்வளவுதான். விஞ்ஞானிகள் இதைக் கோண உந்தம் மாறாமை என்பார்கள்.

சரி, அந்தக் காசு எங்கே கிடைக்கிறது? பெரும்பகுதி ஸ்பிரிங் பலகையில். வேகமாக ஓடி வருபவரின் கால் பலகையில் பட்டதும் தடைபடுகிறது, உடம்பின் மேல்பாதி மட்டும் முன்னே பாய்கிறது. அதனால் உடல் சுழலத் தொடங்குகிறது. அடுத்து மேசை. கை அதை அழுத்த, அது திருப்பி அழுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, நீங்கள் படித்ததுதான். அந்த எதிர்விசை ஓட்டத்தின் வேகத்தை உயரமாக மாற்றிக்கொடுக்கும். ஆனால் சும்மா கொடுக்காது, சுழற்சியில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் வால்ட் வீரர்கள் அப்படி வெறிகொண்டு ஓடுகிறார்கள். கையில் நிறைய இருந்தால்தானே கொடுத்ததுபோக மிச்சம் இருக்கும்?

காற்றில் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று, உடலின் வடிவத்தை மாற்றுவது. வீட்டில் சுழலும் நாற்காலி இருந்தால் சோதித்துப் பாருங்கள். இரண்டு கைகளிலும் தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, கையை நீட்டியபடி உட்காருங்கள். யாரையாவது மெதுவாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது புத்தகங்களை மார்போடு இழுத்து அணைத்தால் விர்ரென்று வேகம் கூடும். கையை நீட்டினால் குறையும். (பக்கத்தில் கண்ணாடிச் சாமான் எதுவும் வேண்டாம்.) எடை நடுவில் சேர்ந்தால் வேகமான சுழற்சி, பரவினால் மெதுவான சுழற்சி. முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு உருண்டையாகிற வீராங்கனை, உடலை நீட்டி வைத்திருக்கும்போது சுழல்வதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சுழல்வார்.

கஷ்டம் இறங்குகிற இடத்தில் இருக்கிறது. தரைக்கு வருவதற்குச் சற்று முன் உடலை விரித்துச் சுழற்சியை மெதுவாக்க வேண்டும். சீக்கிரம் விரித்தால் சுற்று முடியாது, பின்பக்கம் தரையில் உட்காரும். தாமதித்தால் முன்னால் உருளும். பின்பல்டி அடிப்பவருக்கு இறங்கும்முன் தரை கண்ணில் படும், பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். முன்பல்டியில் கால் தரையைத் தேடும் நேரத்தில் கண் வேறெங்கோ பார்க்கிறது. பயிற்சியில் உடலுக்குப் பழகிப்போன நேரக் கணக்கை நம்பித்தான் இறங்க வேண்டும்.

அன்று ரியோவில் இறங்குவதில் இரண்டு விதமான தடுமாற்றங்களை ஒரே போட்டியில் பார்க்க முடிந்தது. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினாவும் அன்று ப்ரொடுனோவாவைத்தான் தேர்ந்தெடுத்தார். அவருக்கு வயது 41, அது அவருடைய ஏழாவது ஒலிம்பிக்! அவருக்குச் சுழற்சி மிஞ்சிப்போனது. கால் ஊன்றியதும் முன்னால் ஒரு உருளல் உருண்டார். தீபாவுக்கோ விரிப்பதற்கு நேரம் போதவில்லை. மடங்கிய நிலையிலேயே கால் தரையில் பட்டது, ஆழமாகக் குந்தினார். பின்பக்கம் மெத்தையைத் தொட்டுவிட்டதோ என்று பார்த்தவர்கள் பதறினார்கள்.

எனக்கு இங்கே நடுவர்களோடு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து எது விழுந்தாலும் தரையைத் தொடும்போது மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம் இருக்கும். காலை விறைப்பாக வைத்து அந்த வேகத்தைச் சட்டென்று நிறுத்தினால் மூட்டு தாங்காது. நன்றாகக் குந்தினால் நிற்கும் தூரம் கூடும், விசை குறையும். எலும்புக்கு அது நல்லது, மதிப்பெண்ணுக்கு அது கெடுதல்! ஜிம்னாஸ்டிக்ஸ் விதி அழகையும் பார்க்கிறதே, என்ன செய்வது?

தீபாவின் ப்ரொடுனோவாவுக்கு 15.266 கிடைத்தது. இன்னொரு தாவலுக்கு 14.866. இரண்டின் சராசரி 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் எடுத்தது 15.216. வித்தியாசம் 0.150 மட்டும்தான். நான்காம் இடம்.

இந்த இடத்துக்கு வந்தவர் தட்டைப் பாதத்தோடு தொடங்கியவர் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி. பாதத்தின் உட்புறம் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும் அல்லவா? ஈரக்காலோடு தரையில் நடந்து பாருங்கள், அந்த இடம் மட்டும் பதியாது. மிதிக்கும்போது அந்த வளைவு அமுங்கும், விடும்போது விரிந்து நம்மை உந்தித் தள்ளும். ஓடவும் குதிக்கவும் அது பெரிய உதவி. தீபாவுக்குச் சிறுவயதில் அந்த வளைவு இல்லை. ஆறு வயதில் பயிற்சியைத் தொடங்கிய அவருக்குப் பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி முதலில் பாதத்தைச் சரிசெய்யத்தான் நிறையப் பாடுபட்டார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வந்தபோது, அந்தப் பாதத்தில்தான் அவர் பலகையை மிதித்துக்கொண்டிருந்தார்.

ரியோவுக்குப் பின் நாட்கள் எளிதாக இல்லை. 2017இல் முழங்காலில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் பாதிக்கப்பட்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதே ஆண்டு வந்த புதிய விதிகளில் ப்ரொடுனோவாவின் கடினப் புள்ளியும் 7.0இலிருந்து 6.4ஆகக் குறைந்தது. உயிரைப் பணயம் வைத்தாலும் பழைய லாபம் இல்லை. 2018இல் துருக்கியின் மெர்சினில் நடந்த உலகச் சேலஞ்ச் கோப்பையில் தங்கம் வென்றார். பிறகு தடை செய்யப்பட்ட ஹைஜெனமின் என்ற பொருள் பரிசோதனையில் தெரிந்ததால் 21 மாதம் தடை. அது 2023 ஜூலையில் முடிந்தது. அடுத்த மே மாதம், 30 வயதில், தாஷ்கண்ட் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வால்ட் தங்கம்! சராசரி 13.566. ஆசிய சாம்பியன்ஷிப்பில் அதற்குமுன் எந்த இந்தியரும் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்றதில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

ரியோ வீடியோ கிடைத்தால் மெதுவாக ஓடவிட்டு இரண்டு முறை பாருங்கள். முதல் முறை கால் பலகையில் படும் நொடியையும் கை மேசையில் படும் நொடியையும் மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை முழங்காலைப் பிடித்த கை எப்போது விடுகிறது என்று பாருங்கள். பிறகு சுசோவிதினாவுடையதைப் போட்டு, அதே இடத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள்.