கொடிக்காலில் ஏறிய லத்தீன்

'வெற்றிலைக்குன்று' என்பதே மருவி வத்தலக்குண்டு ஆயிற்று என்று ஊரில் சொல்வதுண்டு. அந்த ஊர்க் கொடிக்கால்களில் அகத்தியைப் பற்றி ஏறும் கொடிக்கு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் சூட்டிய பெயர் பைப்பர் பீட்டில். லத்தீன் பெயர்தான். ஆனால் அதன் இரண்டு சொற்களும் இந்தியாவிலிருந்து போனவை!

இரண்டாவது சொல் எளிதில் பிடிபடும். 1498-க்குப் பின் மலபார்க் கரையில் இறங்கிய போர்த்துகீசியர், அங்கே 'வெற்றில' என்று கேட்டதைத் தங்கள் நாவுக்கேற்ப 'பெத்ரெ', 'பெத்லெ' ஆக்கிக்கொண்டார்கள். கோவாவில் மருத்துவராக இருந்த கார்சியா த ஓர்த்தா, 1563-இல் வெளியிட்ட மூலிகை நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வெறும் இலை, வெற்றிலை என்பார்கள் நம்மவர்கள். பொருத்தமான விளக்கம். இதில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விதை போடாமல் கொடியை வெட்டித்தான் நடுகிறோம். கொடிக்காலில் பூவும் காயும் காண்பதே அரிது.

முதல் சொல்லின் பயணம் இன்னும் நெடியது. ஆங்கிலத்தின் 'பெப்பர்' லத்தீன் 'பிப்பெர்' என்பதிலிருந்து வந்தது. வேர் தேடுவோர் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நிற்கக் கூடாது. ரோமானியர் அதைக் கிரேக்கரின் 'பெப்பெரி'யிலிருந்து எடுத்தார்கள்; கிரேக்கருக்கு அது கிழக்கிலிருந்து வந்தது. மூலம் வடமொழியின் 'பிப்பலி', அதாவது நம் திப்பிலி. வழியில் லகரம் ரகரமாயிற்று. பொருளும் நகர்ந்தது: திப்பிலியின் பெயர் கருமிளகின் மேல் ஏறிக்கொண்டது.

சொல்லைச் சுமந்து சென்றது சரக்கு. முதல் நூற்றாண்டு ரோமில் ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரியஸ், கருமிளகு 4 என்று விலை குறித்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, காரத்தைத் தவிர ஒன்றுமில்லாத இதற்காக இந்தியா வரை போகிறார்களே என்று அங்கலாய்த்தார். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், கோயில் வளாகத்தில் கிடைத்த இந்தியச் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ கருமிளகு அப்படியே இருந்தது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறினால், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்து நிழல்மரங்களில் படர்ந்திருப்பதும் அதே மிளகுதான். வெற்றிலை, மிளகு, திப்பிலி மூன்றும் ஒரே பேரினம்.

கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து புதிய காரக் காய் ஒன்று வந்தது. ஆங்கிலேயர் அதையும் 'பெப்பர்' என்றே அழைத்தார்கள். நாமும் அதையேதான் செய்தோம்: மிளகைப் போல் காரமான காய், மிளகாய். அது கத்தரிக் குடும்பம். மிளகுக்கு உறவே இல்லை.