எவர்சில்வர் சிங்க்கில் துரு ஏன்?

ஈஜோக் பக்கம் ஒரு தாமானிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வாங்கிய வீட்டுக்குக் குடிவந்தவர். சமையலறைச் சிங்க் முழுக்கப் பழுப்புப் புள்ளிகளாம். இணையத்தில் தேடிப் பார்த்த மகன் இது கடினநீரின் வேலை என்கிறான்; புதியது மாற்றும்போது அடியில் கழிவை அரைத்துத் தள்ளும் மெஷினும் சேர்த்து வைத்துவிடலாம் என்கிறான். என்ன சிங்க் வாங்குவது, மெஷின் வேண்டுமா என்பது அம்மாவின் கேள்வி.

கடினநீர் என்ற சந்தேகத்தை முதலில் ஓரம் கட்டிவிடலாம். கோல சிலாங்கூர் வட்டாரத்துக் குழாயில் வருவது பெரும்பாலும் சிலாங்கூர் ஆற்று நீர். புக்கிட் பிரேசர் பக்கத்து மலையில் பிறந்து, கோல குபு பாருவில் இறங்கி, பெஸ்தாரி ஜெயாவின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் படியளந்துவிட்டு, கம்போங் குவாந்தான் தாண்டிக் கடலுக்குப் போகிற ஆறு. அந்த மலைத்தொடர் கருங்கல். அதன்மேல் எவ்வளவு தூரம் ஓடினாலும் மழைநீருக்குக் கரைத்துக்கொள்ளச் சுண்ணாம்பு அதிகம் கிடைக்காது. நம் வீட்டில் துளி சோப்புக்கே நுரை பொங்குகிறதே, அது மென்னீரின் அடையாளம்.

கடினநீரைப் பார்க்க வேண்டுமானால் கிந்தா பள்ளத்தாக்கிலோ பெர்லிஸிலோ சுண்ணாம்புக் குன்றை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர் வீட்டுக்குப் போக வேண்டும். அல்லது சென்னையில் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு. மண்ணில் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு கொஞ்சம் அமிலமாகிறது, பாறையிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. சிங்க்கில் அந்த நீர் காயும்போது வாயு பறந்துவிட, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிப் படிகிறது. லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனால் மிகக் கடினம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இந்தியத் தரநிலையோ 200 வரை சரி என்கிறது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரைகூடப் பொறுத்துக்கொள்கிறது. இந்தப் படிவு வெள்ளையாக இருக்கும், தடவினால் சொரசொரக்கும். வினிகரோ எலுமிச்சையோ ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் கரைந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் தினமும் சிங்க்கைத் துணியால் துடைத்துக் காயவைக்க வேண்டும், கறுப்பு நிறக் கல்பொடிச் சிங்க்கை வாங்கவே கூடாது. நமக்கு இந்தப் பாடு இல்லை. 'கடினநீர்க் கறை நீக்கி' என்று போத்தலில் அடைத்து நம் கடைகளிலும் விற்கிறார்கள். அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம்.

அப்படியானால் பழுப்புப் புள்ளி எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. நாம் எவர்சில்வர் என்று அழைக்கும் எஃகை 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் உருக்கினார். துப்பாக்கிக் குழலின் உட்புறம் தேயாமலிருக்க வழி தேடியவர், இரும்போடு குரோமியத்தைக் கலந்து பார்த்தார். குழல் என்ன ஆனதோ, அந்த உலோகம் கத்தியும் கரண்டியுமாகி உலகம் முழுக்கச் சமையலறைக்குள் புகுந்துவிட்டது. அதன் இரகசியம் வேடிக்கையானது. காற்றுப் பட்ட மாத்திரத்தில் மேற்பரப்பிலுள்ள குரோமியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, ஒருவகைத் துருவாகவே மாறிவிடுகிறது. ஆனால் இந்தத் துரு இரும்பின் துருவைப் போல உதிர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத, நிறமில்லாத படலமாக ஒட்டிக்கொண்டு அடியிலிருக்கும் இரும்பைக் காக்கிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அந்தப் படலத்தில் கத்தியால் கீறினாலும் காற்றும் தண்ணீரும் பட்டதும் கீறலுக்குள் புதுப்படலம் வந்துவிடும். குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடாவது இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும்.

என் அப்பா பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். உளி பட்டையின் மேலடுக்கோடு நின்றால் சில வருஷத்தில் அதே இடத்தில் புதுப்பட்டை மூடி வரும், மறுபடி வெட்டலாம். ஆழம் கொஞ்சம் தப்பி மரக்கட்டையைத் தொட்டுவிட்டால் காயம்தான். பட்டை சரியாக மூடாது, முண்டும் முடிச்சுமாகப் புடைக்கும், தண்டலிடம் ஏச்சு வாங்க வேண்டியிருக்கும். எவர்சில்வரும் அப்படித்தான். சாதாரணக் கீறல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆழக் காயம் போடுவது குளோரைடு.

குளோரைடு என்றால் உப்பில் இருக்கிற அதே சரக்கு. அது படலத்தில் ஊசிமுனையளவு இடத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. அந்தப் பொத்தலுக்குள் ஆக்ஸிஜன் எட்டாது, அதனால் புதுப்படலம் உருவாக வழியில்லை. உள்ளே அமிலம் சேர்கிறது, அமிலம் இன்னும் குளோரைடை இழுக்கிறது, பொத்தல் தன்னைத்தானே ஆழப்படுத்திக்கொண்டே போகிறது. மேலே மிளகளவுப் புள்ளி தெரியும், அடியில் அதைவிட அகலமான குழி இருக்கும்.

இனி நம் சமையலறையைப் பாருங்கள். ஜெராமில் வாங்கிய இறாலைக் கல்லுப்புப் போட்டு அலசிவிட்டு அந்த உப்புத்தண்ணீர் அப்படியே நிற்கும். கருவாடு ஊறும். பெலாச்சான் அரைத்த அம்மிக்குழவி கிடக்கும். இதெல்லாம் போகட்டும், பெரிய எதிரி குளோராக்ஸ். 'கிருமி சாகட்டும்' என்று இரவு சிங்க் நிறைய ஊற்றி ஊறவைத்துவிட்டுத் தூங்கப்போகிற வீடுகள் எத்தனை! நான் பார்த்த வரையில் நம் பெண்கள் குளோராக்ஸை ஊற்றும் வேகத்தில் விபூதிகூடப் பூசுவதில்லை. தரை வெளுக்கும், மூக்கு எரியும், 'சுத்தமாகிவிட்டது' என்று மனசுக்குத் திருப்தி கிடைக்கும். எவர்சில்வருக்கு அது விஷம். ஊற்றியே தீர வேண்டுமென்றால் தண்ணீர் கலந்து, சில நிமிஷத்தில் நிறையத் தண்ணீர்விட்டு அலசிவிடுங்கள். சாதாரண நாளில் பாத்திரம் கழுவும் சோப்பே போதும்.

இரும்பு நாரைக் கையிலெடுப்பவர்கள் இன்னொரு கூட்டம். நார் தேய்ந்து உதிரும் இரும்புத் தூள் சிங்க்கில் ஒட்டிக்கொண்டு, மறுநாள் துருப்பிடித்து, பழி சிங்க்கின் தலையில் விழுகிறது. தண்ணீர்த் தடை முடிந்து குழாய் திறக்கும்போது முதலில் வரும் செந்நிறக் கலங்கலும் இதே கறையைப் போடும். ராஜா மூசா காட்டுப் பக்கம் சதுப்புக் கரிமண்ணில் கிணறு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தண்ணீரே பழுப்பு, போதாததற்கு அமிலமும் இரும்பும். ஈரத் துணியை, ரப்பர் விரிப்பை நாள்கணக்கில் சிங்க்கோடு ஒட்டியபடி விட்டுவைப்பதும் கெடுதல், ஏனென்றால் அடியில் காற்றுப் போகாது.

வாங்கும்போது கேட்க வேண்டிய எண் 304. அதில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும். 201 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவுச் சரக்கு. கடல்காற்று அடிக்கும் பாசிர் பெனாம்பாங், ஜெராம் பக்கம் சீக்கிரம் புள்ளி விழும். ஹார்டுவேர் கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி 'ஒட்டவில்லை பாருங்கள், அசல்' என்பார். நம்பிவிடாதீர்கள். 430 வகையை மட்டும்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும், 201ம் 304 போலவே ஒட்டாது. போதாக்குறைக்கு, அச்சில் அழுத்தி மடக்கிய மூலைகளில் அசல் 304கூட லேசாக ஒட்டும். அதனால் முத்திரையைப் பார்த்து, ரசீதில் எண்ணை எழுதி வாங்குங்கள். தகடு 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கேஜ் கணக்கு தலைகீழ், எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர். பெட்டி மாதிரிக் கூர்மூலை வைத்த சிங்க் இப்போது நாகரிகம், பார்க்க அழகு. அந்த மூலையில் ஒட்டிய சோற்றுப் பருக்கையை எடுக்க நகம்தான் வேண்டும். உருண்ட மூலையே நல்லது.

அடுத்து அந்த மெஷின். ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் நகரில் செய்து பார்த்தது. உள்ளே மிக்ஸியைப் போல பிளேடு இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிளேடே கிடையாது. அடித்தட்டு வேகமாகச் சுழல, அதில் பொருத்திய இரண்டு மொட்டைக் குமிழ்கள் கழிவைச் சுவரை நோக்கி வீசியடிக்கின்றன. பல்வைத்த சுற்றுவளையத்தில் உரசி உரசி அது கூழாகிறது. சிக்கிக்கொண்டால் சுவிட்சை அணைத்து, அடியிலுள்ள அறுகோணத் துளையில் சாவியைக் கொடுத்து முன்னும் பின்னும் திருப்ப வேண்டும், பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே கையை விடவே கூடாது. ஓடும்போது பச்சைத்தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் அது தின்னப் பிறந்த சாப்பாடு வேறு. வாழைத்தண்டு நார், முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, தேங்காய் நார் எல்லாம் குமிழைச் சுற்றிக்கொள்ளும். சோறு குழாயின் வளைவில் ஊதிக்கொண்டு அடைக்கும். எண்ணெயோ சொல்லவே வேண்டாம். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே வணிகமுறையில் செம்பனை நட்ட வட்டாரம் நம்முடையது, பொரிப்பதற்கு நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பலமுறை காய்ந்த எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம், சுண்ணாம்போடு சேர்ந்தால் கெட்டிச் சோப்பாகிவிடும். லண்டன் வைட்சேப்பலில் 2017இல் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்தில் 130 டன் கொழுப்புக் கட்டி கண்டெடுக்கப்பட்டதே, இதே கூத்துத்தான். நம் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லாவிட்டாலும் சிமெண்டுக் கால்வாய் தன்னிடமிருந்து கொடுத்துவிடும்.

எங்கே போகிறது என்பதுதான் மகனைக் கேட்க வேண்டிய கேள்வி. பழைய வீடுகள் பலவற்றில் சிங்க் குழாய் கழிவுநீர்க் குழாயில் சேர்வதில்லை, நேரே பின்புற லொங்காங்கில் விழுகிறது. அங்கே கூழாக்கிய கழிவைக் கொட்டினால் எலிக்குச் சாப்பாடு, அக்கம்பக்கத்துக்கு நாற்றம், மழை பெய்தால் ஆற்றுக்குப் பங்கு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கலந்த தொழிற்சாலைக் கழிவின் வாடையால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடி, சுமார் 12 லட்சம் வீடு-கடைகளின் குழாய் நின்றுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நாம் தொழிற்சாலையைத் திட்டினோம், திட்ட வேண்டியதுதான். லயத்தில் பொதுக் குழாயடியில் பாத்திரம் விளக்கிய காலத்தில் கழனித்தண்ணீர் மாட்டுக்கும் வாழைக்கும் போனது. இப்போது வாழை வீட்டுப் பின்னாலேயே நிற்கிறது, நாம்தான் காய்கறித் தோலைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து ஜெராம் குப்பைமேட்டுக்கு அனுப்புகிறோம். அடுக்குமாடியில், முறையான கழிவுநீர் இணைப்போடு இருப்பவர் ஆசைப்பட்டால் வைத்துக்கொள்ளட்டும். தரைவீட்டில் ஒரு துளைத்தட்டும் மூடியுள்ள வாளியும் போதும். பொரித்த எண்ணெயைப் போத்தலில் சேர்த்துவையுங்கள், எடைபோட்டு வாங்கிப்போக ஆள் இருக்கிறது.

சிங்க்கை மாற்றும் முன் அம்மா ஒன்று செய்து பாருங்கள். பழுப்புப் புள்ளிமேல் புளியைக் கரைத்துக் கெட்டியாகப் பூசி, கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய துணியால் தகட்டின் வரிபோகும் திசையிலேயே தேய்த்து அலசுங்கள். பித்தளைக்குச் செய்வதுபோல உப்புச் சேர்த்துவிட வேண்டாம். புள்ளி போய்விட்டால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய துரு, சிங்க் நன்றாகத்தான் இருக்கிறது. போகாமல், நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் 304க்குக் கடைப்பக்கம் போகலாம்.