விமானிக்கு இரவு எப்போது?

இரவு எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், கதிரவன் மறைந்தவுடன் என்று நாம் தயங்காமல் சொல்லிவிடுவோம். நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். ஒரு நாள் மாலை விமானத்தில் வந்துகொண்டிருந்தேன். என் சாளரத்துக்கு வெளியே கதிரவன் ஒளி வீசிக்கொண்டிருந்தான். கீழே ஊர்களில் விளக்கு வைத்தாகிவிட்டது. விமானம் தாழத் தாழ, பகலிலிருந்து இருளுக்குள் இறங்கினோம். மேலே பகல், கீழே இரவு. விமானி எதைக் கணக்கிற்கொள்வார்? இந்த ஐயத்தைத் தீர்க்க விதிநூல்களைப் புரட்டினேன். அமெரிக்க நாட்டு விதிகளில் ஓர் இரவு அன்று, மூன்று இரவுகள் இருக்கக் கண்டேன்!

முதலாவது, விளக்கு வைக்கும் இரவு. கதிரவன் மறைந்தது முதல் உதிக்கும் வரை விமானத்தின் விளக்குகள் எரிய வேண்டும். இட இறக்கையில் சிவப்பு, வல இறக்கையில் பச்சை, பின்புறம் வெள்ளை. நம் இடப்பக்கம் பச்சையும் வலப்பக்கம் சிவப்பும் தெரிந்தால், அந்த விமானம் நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். பிறர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம்.

இரண்டாவது, கணக்கு எழுதும் இரவு. கதிரவன் மறைந்த பின்னும் சிறிது நேரம் மங்கிய வெளிச்சம் இருக்கிறதல்லவா? கதிரவனின் நடுப்புள்ளி அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரையுள்ள அந்த வெளிச்சத்தைச் 'சிவில் அந்தி' என்பர். மாலையில் அது முடிந்ததிலிருந்து காலையில் அது தொடங்கும் வரை பறந்த நேரத்தையே விமானி தம் குறிப்பேட்டில் இரவுப் பறப்பாக எழுதலாம்.

மூன்றாவது, பயணிகளைக் காக்கும் இரவு. இது கதிரவன் மறைந்து 1 மணி நேரம் கழித்துத் தொடங்கி, உதயத்துக்கு 1 மணி நேரம் முன்பு முடிகிறது. சொந்த விமானத்தில் நண்பர்களை ஏற்றிச் செல்பவரும், இந்நேரத்தில் பறக்க வேண்டுமாயின், முந்திய 90 நாட்களுக்குள் இதே இருளில் மூன்று முறை மேலெழும்பி, மூன்று முறை இறங்கி முழுதும் நின்றிருக்க வேண்டும். அந்தி வெளிச்சத்தில் பழகியவர் காரிருளிலும் பழகியவர் ஆகார் என்பதே இதன் கருத்து என நான் கொள்கிறேன்.

இம்மூன்றும் ஒன்றுதானே என்று எண்ணவேண்டாம். நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் கதிரவன் ஏறக்குறைய நேராக இறங்குவதால், சிவில் அந்தி அரைமணிக்குள் முடிந்துவிடும். வடக்கே அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில், ஜூன் 21ஆம் தேதியை ஒட்டி, கதிரவன் சாய்வாக மறைந்து, 6 பாகை இறங்குவதற்குள் மீண்டும் ஏறத் தொடங்கிவிடுகிறான். ஆகவே இரண்டாவது இரவு அங்கே வருவதே இல்லை; மூன்றாவது இரவோ கடிகாரப்படி வந்து போகிறது! விளக்கு விதியும் அலாஸ்காவுக்குத் தனி: விளக்கில்லாத பெரிய பொருளொன்று 3 மைல் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத போதும், கதிரவன் 6 பாகைக்கு மேல் இறங்கிய போதும் அங்கே விளக்கேற்ற வேண்டும்.

ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள் என்று முதலில் எனக்குச் சலிப்பு உண்டாயிற்று. பிறகு தெளிந்தேன். எதிரே வருபவருக்கு ஓர் ஆபத்து. பின்னே அமர்ந்திருப்பவருக்கு வேறோர் ஆபத்து. எந்த ஆபத்தைத் தடுக்க வேண்டுமோ, அதற்கேற்ற இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள். மாணவர்களே, ஒரு விதியைப் படிக்கும்போது அது யாரைக் காக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதன் பொருள் எளிதில் விளங்கும்.